சிறுதேரும் தகரப் புகைவண்டியும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவம் சிறுதேர். காப்புப் பருவத்தில் தெய்வங்களின் காவலில் கிடத்தப்பெறும் குழந்தை, பருவந்தோறும் வளர்ந்து, பத்தாம் பருவத்தில் தானே ஒரு தேரை உருட்டி நடக்கும் நிலையை அடைகிறது. நம் இலக்கிய வட்டம் பத்தாம் ஆண்டினை நிறைவு செய்து மலர் வெளியிடும் இவ்வேளையில், சிறுதேரைப் பற்றி எழுதுவது பொருந்தும் என எண்ணினேன். ஆயின் இங்கு நான் எழுதப் புகுந்தது நம் நாட்டு மரச்சிறுதேரைப் பற்றியன்று. மேலைநாட்டுக் குழந்தைகள் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஓட்டி விளையாடிய தகரப் புகைவண்டியைப் பற்றியும், அதனைத் தேடித் தொகுத்துக் காப்போரைப் பற்றியும் ஆகும்.

இப்பொருளின்பால் என்னைச் செலுத்தியவள் ஒரு மாணவி. பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து, "பெண் குழந்தைக்குத் தேர் கிடையாதா, அம்மா?" என்று கேட்டாள். பெண்பாற் பிள்ளைத்தமிழில் இறுதி மூன்று பருவங்கள் வேறுபடும். சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பவற்றின் இடத்தில் அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை வரும். இந்த இலக்கண விடையை உடனே கூறிவிட்டேன். அவள் கேட்டது இலக்கணம் அன்று என்பது வீடு திரும்பிய பின்னரே எனக்கு உறைத்தது. குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களை யார் செய்தனர், யாருக்காகச் செய்தனர், அவற்றில் எவை எஞ்சின, யார் காத்தனர் என்னும் வினாக்களைத் தொடர்ந்து சென்றபோது தகரப் புகைவண்டிகளின் வரலாறு எதிர்ப்பட்டது.

பெரிய வண்டியும் சிறிய வண்டியும்

விளையாட்டு வண்டி எக்காலத்தும் ஊரில் ஓடும் பெரிய வண்டியின் நிழலாகவே இருந்து வந்துள்ளது. தேரோடிய பூம்புகாரில் குழந்தைகள் குதிரை பூட்டாத மூன்று சக்கரச் சிறுதேர் உருட்டியதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. புகைவண்டி ஓடத் தொடங்கிய நாடுகளிலும் இதுவே நிகழ்ந்தது.

ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் வண்டி 1835-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் நூரம்பர்க் நகரிலிருந்து ஃபியூர்த் என்னும் அண்டை ஊருக்கு ஓடியது. தொலைவு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். எஞ்சினின் பெயர் 'ஆட்லர்'; கழுகு என்பது அதன் பொருள். அதனைச் செய்தளித்தது இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலிருந்த ஸ்டீபன்சன் தொழிலகம். ஓட்டிவந்தவரும் வில்லியம் வில்சன் என்னும் ஆங்கிலேயரே. நூரம்பர்க் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே மரப்பாவைகளுக்கும் உலோக விளையாட்டுப் பொருள்களுக்கும் பெயர்பெற்ற நகரம். எனவே, தெருவில் ஓடிய புதுமை கைவினைஞரின் பட்டறைக்குள் நுழைய நெடுங்காலம் ஆகவில்லை. முதலில் வந்தவை தண்டவாளம் இல்லாதவை. கயிறு கட்டி இழுக்கவும் தரையில் தள்ளவும் ஏற்றவை. பின்னர்ச் சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையால் ஓடுபவை வந்தன. சாராய விளக்கேற்றி, உண்மையாகவே நீராவியால் ஓடச் செய்தவையும் உண்டு.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. அந்த 'ஆட்லர்' எஞ்சின் 1857-ஆம் ஆண்டு ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, பழைய இரும்பாகக் கைமாறிப் போயிற்று. நாட்டின் முதல் எஞ்சினைப் போற்றிக் காக்க வேண்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. பெரியது மறைந்தது, அதனைப் பார்த்துச் செய்த சிறியவை பரண்களில் எஞ்சின. வரலாறு எதனைக் கைவிடும், எதனை விட்டுவைக்கும் என்பதை முன்னறிந்து கூற இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அடுக்களையிலிருந்து பிறந்த வண்டி

தகரம் என நாம் வழங்குவது தனி உலோகம் அன்று. மெல்லிய இரும்புத் தகட்டின் இருபுறமும் வெள்ளீயம் பூசப்பெற்றது அது. துருவை ஓரளவு தாங்கும், எளிதில் வளையும், ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், வண்ணமும் ஏற்கும். வீட்டுப் பாத்திரங்களுக்கு மிகவும் ஏற்றதாக இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தகரத் தொழில் என்பது பெரிதும் அடுக்களைத் தொழிலாகவே இருந்தது. தகரப் புகைவண்டியும் அங்கிருந்துதான் வந்தது.

தென் ஜெர்மனியின் கெப்பிங்கன் என்னும் ஊரில், தியோடர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் மெர்க்லின் என்ற தகரத் தொழிலாளி 1859-இல் தொடங்கிய தொழிலகம், பெண் குழந்தைகளின் பாவை வீட்டுக்கு வேண்டிய சிறு அடுப்பு, சிறு பானை முதலியவற்றைச் செய்தது. நம் வழக்கில் கூறினால் சொப்புச் சாமான்கள். அவர் மனைவி கரோலின். பெண்கள் தனித்துப் பயணம் செய்து வணிகம் பேசுவது அரிதாயிருந்த அக்காலத்தில், அவ்வம்மையார் மாதிரிப் பொருள்களை எடுத்துக்கொண்டு தென் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் கடை கடையாகச் சென்று விற்பனை செய்தார். 1866-இல் கணவர் மறைந்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் அற்றுப்போகாமல் தாங்கி நின்றவர் கரோலினே. 1888-இல் மகன்கள் பொறுப்பேற்றனர்.

மூன்றாண்டுகள் கழித்து, 1891-ஆம் ஆண்டு லைப்சிக் நகரின் வசந்தகாலச் சந்தையில் மெர்க்லின் உடன்பிறந்தார் ஒரு புதுமையைக் காட்டினர். 8 என்னும் எண்ணின் வடிவில் வளைந்து செல்லும் தண்டவாளமும், அதன்மேல் சாவியால் ஓடும் வண்டியும் கொண்ட தொகுதி அது. பாதையின் அகலத்துக்கு 1, 2, 3 என்று எண்ணிட்டு அளவுகளை வரையறுத்தனர். அவற்றினும் குறுகிய 0 அளவு பின்னர் வந்தது. 1 என்பது 45 மில்லிமீட்டர். 0 என்பது 32 மில்லிமீட்டர். அளவு நிலைபெற்றமையால் இவ்வாண்டு வாங்கிய எஞ்சினுக்கு அடுத்த ஆண்டு ஒரு பெட்டி, அதற்கடுத்த ஆண்டு ஒரு நிலையம், பின்னர் ஒரு பாலம் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். இக்கருத்து எங்கிருந்து வந்தது? பாவை வீட்டிலிருந்தே வந்தது என்பர். ஒரு சிறு அடுக்களைக்கு ஆண்டுதோறும் ஒரு பாத்திரம் சேர்க்கும் பெண் குழந்தையின் விளையாட்டே ஆண் குழந்தையின் இருப்புப்பாதையாக விரிந்தது.

நூரம்பர்க்கின் பிங் உடன்பிறந்தார் வரலாறும் இவ்வாறே. இக்னாஸ் பிங், அடால்ஃப் பிங் ஆகிய இருவரும் 1860-களில் தொடங்கியது உலோக வீட்டுப் பொருள் வணிகம். பிறகே விளையாட்டுப் பொருளில் இறங்கினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகின் மிகப் பெரிய விளையாட்டுப் பொருள் தொழிலகமாக அது வளர்ந்திருந்தது.

தகரத்தில் எழுதிய எழுத்து

பழைய தகர வண்டியொன்று கைக்குக் கிடைத்தால், தொகுப்பாளர் முதலில் பார்ப்பது அதன் அழகை அன்று. தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்தைப் பார்ப்பார். கல்வெட்டாய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போல, அவர் முத்திரை கொண்டு காலம் கணிப்பார். 'ஜி.பி.என்.' என்றிருந்தால் பிங் உடன்பிறந்தார், நூரம்பர்க் என்று பொருள், 'பி.டபிள்யூ.' என்றிருந்தால் அதே தொழிலகம் முதல் உலகப் போருக்குப் பின் செய்தது. 'டி.ஆர்.ஜி.எம்.' என்னும் வடிவுரிமைக் குறி 1891-க்கு முன் இருக்க இயலாது. 'ஜெர்மனியில் செய்தது' என்னும் ஆங்கிலத் தொடர் 1887-ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் குறிச் சட்டத்தின் விளைவாகப் பரவியது.

வண்ணமும் பேசும். தொடக்கக் கால வண்டிகள் கையால் வண்ணம் தீட்டப்பெற்றவை. தூரிகையின் தடத்தை உருப்பெருக்காடியில் காணலாம். பின்னர்க் கல்லச்சு முறையில் தட்டையான தகட்டின் மேலேயே சன்னல், கதவு, ஆணித்தலை, பயணிகளின் முகம் வரை அச்சிட்டு, அதன் பிறகு வெட்டி மடித்துப் பொருத்தினர். ஈயம் வைத்த இணைப்பா, தகட்டின் நாக்கைத் துளையில் செருகி மடித்த இணைப்பா என்பதும் காலத்தைக் காட்டும். இங்கிலாந்தில் அன்று பல தனியார் இருப்புப்பாதை நிறுவனங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நூரம்பர்க் தொழிலகங்கள் ஒரே எஞ்சினைச் செய்து, ஒன்றுக்குக் கருப்பும் ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்குப் பச்சையும் பூசி அனுப்பின. 1923-இல் அந்நிறுவனங்கள் நான்கு பெரும் பிரிவுகளாக இணைக்கப்பட்டமையால், பழைய நிறுவனத்தின் பெயர் தாங்கிய வண்டி பெரும்பாலும் அதற்கு முற்பட்டது எனத் துணியலாம். கையிருப்புத் தீரும் வரை பழைய நிறத்தில் விற்றதும் உண்டாதலின், இத்துணிபைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே கொள்ள வேண்டும்.

நார்தாம்ப்டன் நகரத்து வணிகர் பாசெட்-லோக், 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நூரம்பர்க்கின் கைத்திறனைக் கண்டு வியந்து, ஆங்கில எஞ்சின்களின் உருவிலேயே வண்டிகள் செய்துதர ஏற்பாடு செய்தார். ஆக, 1914 வரை ஆங்கிலக் குழந்தை தன் நாட்டு வண்டி என நம்பி ஓட்டியவற்றுட் பெரும்பகுதி ஜெர்மானியத் தொழிலாளியின் கையில் பிறந்தவை. போர் வந்தது, வண்டிகளின் வரவு நின்றது. நூரம்பர்க்கில் தொழில் நடத்திய ஜார்ஜ் கரேத் பிரெஞ்சுக்காரர். பகை நாட்டவராகிவிட்டமையால் வெளியேற நேர்ந்தது. அவர் தொழிலகம் 1917-இல் மூடப்பட்டது. போருக்குப் பின் ஜெர்மானியப் பொருள்மேல் இங்கிலாந்தில் வெறுப்பு நிலவியது. அச்சூழலில் 1920-இல் லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி தம் பெயரில் தகர வண்டிகளை வெளியிட்டார். மெக்கானோ என்னும் கட்டுமான விளையாட்டை முன்னரே உருவாக்கியவராதலின், அவருடைய முதல் வண்டிகளைத் திருகாணி கழற்றிப் பிரித்து மீண்டும் பூட்டலாம். நாடுகளுக்கிடையே நிகழ்ந்த பகையும் உறவும் இவ்வாறு குழந்தையின் கைப்பொருளில் பதிவாகியுள்ளன.

பெயர்கள் இடம்பெயர்ந்த காலம்

1935-ஆம் ஆண்டு ஜெர்மனி தன் இருப்புப்பாதையின் நூற்றாண்டைக் கொண்டாடியது. மறைந்துபோன 'ஆட்லர்' எஞ்சினின் முழுவுருப் படியொன்று புதிதாகச் செய்து ஓட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் மாதம், அதே நூரம்பர்க் நகரில், யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் அறிவிக்கப்பட்டன. நூரம்பர்க்கின் விளையாட்டுப் பொருள் தொழிலை உலகறியச் செய்தவர்களில் யூதக் குடும்பத்தார் பலர் என்பதை நினைவிற்கொண்டால் இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிக்க நெஞ்சு கூசும்.

பிங் தொழிலகம் பொருளாதார வீழ்ச்சியால் 1930-களின் தொடக்கத்திலேயே முறிந்திருந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பிங் பின்னர்ப் பொறுப்பேற்றிருந்த டிரிக்ஸ் தொழிலகம் 1938-இல் யூதரல்லாதார் கைக்கு மாற்றப்பட்டது. அவர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். டிப் என்னும் தகரத் தொழிலகத்தின் உரிமையாளர் ஃபிலிப் உல்மன் 1933-இலேயே வெளியேறி, பாசெட்-லோக்கின் ஊராகிய நார்தாம்ப்டனில் மெட்டாய் என்ற புதுத் தொழிலகத்தைத் தொடங்கினார். நூரம்பர்க்கின் கைத்திறன் ஆங்கிலப் பெயர் பூண்டு மறுபிறவி எடுத்தது.

இவற்றினும் என்னை ஈர்த்தது ஒரு பெயரின் வரலாறு. நூரம்பர்க்கில் கிராஸ் தொழிலகம் 'ஃபேன்டார்' என்ற பெயரில் வண்டிகளை விற்றது. ஃபேனி, டோரா என்னும் இரு தாய்மாரின் பெயர்களைச் சேர்த்து அமைத்த பெயர் அது என்பர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜூலியஸ், மில்டன் ஃபார்ச்ஹைமர் என்னும் உடன்பிறந்தார், 1920-களில் அமெரிக்காவின் நியூவார்க் நகரில் குடியேறித் தனித்தொழில் தொடங்கியபோது, அப்பெயரைத் திருப்பிப் போட்டு 'டார்ஃபேன்' என்று வைத்தனர். நாடு மாறினும் தாயர் பெயரை விடவில்லை. ஆயின் அவர்கள் தகரத்துக்கு மாற்றாகத் துத்தநாகக் கலவையை வார்த்து எஞ்சின் செய்தனர். அக்காலக் கலவையில் ஈயம் முதலிய மாசு கலந்திருந்தமையால், ஆண்டுகள் செல்லச் செல்ல உள்ளிருந்தே வெடித்து உதிரும். டார்ஃபேன் 1934 அளவில் நின்றுபோயிற்று. அதன் எஞ்சின்களுட் பல, பெட்டியில் வைத்த இடத்திலேயே பொடியாகியுள்ளன. எளியதென்று கருதப்பட்ட தகரமோ நிலைத்து நிற்கிறது.

இரண்டாம் உலகப் போர் எஞ்சியவற்றையும் விழுங்க முற்பட்டது. வீட்டுத் தகரமும் இரும்பும் போர்க்கருவிக்காகத் திரட்டப்பட்டன. அமெரிக்காவின் லயனல் தொழிலகம் 1942-இல் விளையாட்டு வண்டி செய்வதை நிறுத்திப் போர்ப்பணி மேற்கொண்டது. மறு ஆண்டு குழந்தைகளுக்கென அது விற்றது, வெட்டி மடித்துச் செய்யும் தாள் வண்டியே.

தொகுப்போர் கடமை

இவ்வளவும் கடந்து எஞ்சியவற்றைத்தான் தொகுப்பாளர்கள் தேடுகின்றனர். நீராவி எஞ்சின்கள் ஒவ்வொரு நாட்டிலும் ஓய்வு பெற்ற காலமும், இளமையில் தகர வண்டி ஓட்டியவர்கள் முதுமை எய்திய காலமும் ஒன்றாக அமைந்தன. 1954-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் விளையாட்டுப் புகைவண்டித் தொகுப்பாளர் சங்கம் தோன்றியது. ஹார்ன்பி வண்டிகளுக்கென 1969-இல் இங்கிலாந்தில் ஒரு சங்கம் அமைந்தது. நூரம்பர்க்கில் 1971-இல் நகராட்சியின் விளையாட்டுப் பொருள் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பால் பேயர், லிடியா பேயர் என்னும் கணவனும் மனைவியும் 1920-கள் முதல் தேடிச் சேர்த்த தொகுதியே அதற்கு அடிப்படை. அதன் முதல் பொறுப்பாளர் அவர்களின் மகள் முனைவர் லிடியா பேயர். பெற்றோரின் ஆர்வத்தை மகள் ஆய்வாக்கினார். குண்டுவீச்சில் பெரும்பகுதி அழிந்த நகரம் தன் கைவினையின் நினைவை இவ்வாறு மீட்டுக்கொண்டது.

தொகுப்பாளர்களிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. வண்ணம் உதிர்ந்த வண்டிக்குப் புதுவண்ணம் பூசலாமா? பூசினால் கண்ணுக்கு அழகு. ஆனால் மதிப்புப் பெரிதும் குறையும். காசு கருதியே இவ்வாறு சொல்கின்றனர் என எண்ணலாகாது. பழைய வண்ணத்தில்தான் எந்த ஆண்டு, எந்தச் சந்தைக்கு, எந்தக் கை என்னும் சான்றுகள் உள்ளன. நீராவி வண்டியின் வயிற்றுப்புறம் விளக்கின் சூட்டில் கருகியிருப்பது, ஒரு குழந்தை அதனை மெய்யாகவே ஓட்டியது என்பதற்குச் சான்று. துடைத்துப் பூசினால் அத்தனையும் போகும். எனவே, தூசியை நீக்கு, துருவைத் தடு, வண்ணத்தைத் தொடாதே என்பது நல்ல தொகுப்பாளரின் நெறி. இழந்த சக்கரத்துக்கு மாற்றுச் சக்கரம் பொருத்தலாம். ஆயின் அது புதியது என்பதை மறைத்தல் கூடாது.

நம் பதிப்பாசிரியர்களின் நெறியும் இதுவே அன்றோ? பதிற்றுப்பத்தை 1904-இல் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்காத நிலையில் எட்டுப் பத்துகளையே நூலாக்கித் தந்தார். பாட வேறுபாடுகளைக் குறித்தார். பெரும்புலவராகிய அவருக்கு இருபது பாடல்கள் எழுதிச் சேர்க்கும் ஆற்றல் இல்லாமல் இல்லை. இல்லாததை இல்லை என்று காட்டிய அந்த நேர்மையினாலேயே, இருப்பதை நாம் நம்ப முடிகிறது. கவிஞர் பலர் கூடியுள்ள இவ்வட்டத்தில் இதனை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பழையதைப் புதுக்கி அழகுபடுத்தும் ஆசை நம்மிடமும் உண்டு. நாட்டுப்புறப் பாடலொன்றைக் கேட்டு எழுதும்போது ஓசை குறைந்த இடத்தில் ஒரு சீரைச் சேர்க்கக் கை துடிக்கிறது. அந்தச் சீர்தான் புதுவண்ணம்.

காப்பவை யாவும் காப்பாற்றப்படும் என்னும் உறுதியும் இல்லை. 2005 ஜனவரியில் கெப்பிங்கன் நகரில் மெர்க்லின் அருங்காட்சியகத்தில் கள்வர் புகுந்து பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் மதிப்புள்ள அரிய வண்டிகளைக் கவர்ந்தனர். நல்வாய்ப்பாக அவை மீட்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில் நூரம்பர்க்கில் நேர்ந்த தீ விபத்தில் 1935-இல் செய்த 'ஆட்லர்' படியும் வெந்தது. செப்பனிடப்பட்டு 2007-இல் மீண்டும் ஓடியது. லிவர்பூலின் ஹார்ன்பி தொழிலகம் 1979-இலேயே மூடப்பட்டது. மெர்க்லின் தன் 150-ஆம் ஆண்டாகிய 2009-இல் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடியது. பின்னர்ப் புது உரிமையாளர் கையில் தொடர்ந்தது.

நிறைவாக

மாணவியின் வினாவுக்கு வருகிறேன். பெண் குழந்தைக்குத் தேர் செய்து விற்க ஒருமுறை முயன்றனர். லயனல் தொழிலகம் 1957-இல் பெண் குழந்தைகளுக்கென்று இளஞ்சிவப்பு எஞ்சினும் மென்னிறப் பெட்டிகளும் கொண்ட தொகுதியை வெளியிட்டது. அது தகரம் அன்று. வார்ப்பும் பிளாஸ்டிக்கும் கொண்டது. விலைபோகவில்லை. வண்டி விரும்பிய சிறுமியர், தெருவில் ஓடும் வண்டி போன்றதையே விரும்பினர், இளஞ்சிவப்பு வண்டியை அன்று என்பர். அன்று எவரும் வாங்காத அத்தொகுதியைத்தான் இன்று தொகுப்பாளர்கள் அரும்பொருளாகத் தேடுகின்றனர்.

எனவே, அவளுக்கு இன்று நான் கூறும் விடை இது: தேர் உனக்கென்று பாடப்படவில்லை, ஆனால் தேர் செய்யும் தொழிலை, மாதிரிப் பொருள்களைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று தாங்கியவள் ஒரு பெண். நாடு கடந்து போனபோதும் வண்டியின் பெயரில் நின்றவர்கள் இரு தாயர். அழிந்த நகரத்தில் அவ்வண்டிகளைத் தொகுத்து வரிசைப்படுத்திப் பெயர் எழுதி வைத்தவள் ஒரு பெண். பாட்டில் இடம்பெறாதது வரலாற்றில் இடம்பெற்றிருக்கலாம். அதைப் பார்க்கப் பொருளைத் தலைகீழாகத் திருப்பி அடிப்புறத்தைப் படிக்க வேண்டும்.

நம் வட்டமும் பத்தாண்டுகளில் எத்தனையோ கையெழுத்துப் படிகளையும், கவியரங்கத் தாள்களையும், அழைப்பிதழ்களையும் சேர்த்து வைத்துள்ளது. அவற்றுட் பலவற்றைச் சிறுபொருள் எனக் கருதி ஒதுக்க நேரிடலாம். 'ஆட்லர்' எஞ்சினை விற்றவர்களும் அவ்வாறே கருதினர். பத்தாம் பருவத்தை எய்திய நம் வட்டம் தன் சிறுதேர்களையும் அடித்தல் திருத்தல்களோடு உள்ளவாறே காத்து, அடுத்த தலைமுறையின் கையில் ஒப்படைக்க வேண்டும் என்பது என் விழைவு.